குழு அறையில் சொன்னது வெளியே வருமா? பல் மருத்துவர்களின் பியர் ரிவியூவும் சட்டக் காப்பும்

கேள்வி இது: "கலிபோர்னியாவில் சொந்தமாகப் பல் கிளினிக் வைத்திருக்கிறேன். உள்ளூர் பல் மருத்துவச் சங்கத்தின் பியர் ரிவியூ (சக டாக்டர்களின் வேலையை மதிப்பிடும்) குழுவில் சேரக் கூப்பிடுகிறார்கள். இன்னொரு டாக்டர் போட்ட கேப் சரியில்லை என்று நான் எழுதிக் கொடுத்தால், நாளைக்கு அவர் என் மேல் கேஸ் போட முடியுமா? நோயாளியின் வக்கீல் என் குறிப்புகளைக் கேட்டு வாங்க முடியுமா?"

கேஸ் போடலாம், ஆனால் ஜெயிப்பது கடினம். குறிப்புகளை மாநில நீதிமன்றம் வழியாக வாங்குவது ஏறக்குறைய முடியாத காரியம். ஃபெடரல் நீதிமன்றத்தில் சில வகை வழக்குகளில் முடியும். அந்தச் சில வகை எது என்று தெரியாமல்தான் பலர் குழுவில் வந்து உட்காருகிறார்கள். நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன். நான் வக்கீல் இல்லை, பல் டாக்டர். சில வருடம் இப்படி ஒரு குழுவில் இருந்தபோது பயத்தில் படித்ததுதான் இதெல்லாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பியர் ரிவியூ என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேலைகள் நடக்கின்றன. மருத்துவமனையில் நடப்பது ஒன்று. அங்கே அறுவை சிகிச்சை செய்யும் ஒரு வாய்-தாடை நிபுணரின் வேலையைச் சக மருத்துவர்கள் ஆராய்ந்து, அந்த மருத்துவமனையில் சிகிச்சை செய்ய அவருக்கு உள்ள உரிமையைத் தொடரலாமா, குறைக்கலாமா என்று முடிவு செய்வார்கள். ஒருவரின் பிழைப்பில் கை வைக்கும் வேலை அது. மற்றது பல் மருத்துவச் சங்கங்களில் நடப்பது. "ரூட் கெனால் செய்த பல் ஆறு மாதத்தில் போய்விட்டது, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்று ஒரு நோயாளி வருகிறார். முதலில் ஒருவர் இரண்டு பக்கமும் பேசிப் பார்ப்பார். ஒத்துவராவிட்டால் இரண்டு மூன்று பல் டாக்டர்கள் எக்ஸ்ரேயையும் கேஸ் ஷீட்டையும் பார்த்து, நோயாளியின் வாயையும் பரிசோதித்து, வேலை ஏற்கத்தக்க தரத்தில் இருக்கிறதா என்று சொல்வார்கள். பெரும்பாலான சங்கங்களில் அதிகபட்சம் கிடைப்பது கட்டிய கட்டணம் திரும்ப வருவதுதான். வலிக்கும் மன உளைச்சலுக்கும் நஷ்டஈடு அங்கே கிடையாது. உங்களைக் கூப்பிடுவது இந்த இரண்டாவது வகைக்கு.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், எல்லோரும் மேற்கோள் காட்டும் ஃபெடரல் சட்டம் முதல் வகைக்காக எழுதப்பட்டது. உங்களுக்கு முக்கியமாகக் காப்பு தருவது மாநிலச் சட்டம்.

கலிபோர்னியா சாட்சியச் சட்டத்தின் 1157-ஆம் பிரிவை முதலில் படியுங்கள். 1968-ல் வந்தது. பியர் ரிவியூ குழுக்களின் நடவடிக்கைகளும் ஆவணங்களும் 'டிஸ்கவரி'க்கு உட்பட்டவை அல்ல என்கிறது. வழக்கு தொடங்கியதும் ஒரு தரப்பு மற்ற தரப்பிடமோ மூன்றாம் ஆளிடமோ ஆவணங்களைக் கேட்டு வாங்கும் கட்டத்துக்குத்தான் டிஸ்கவரி என்று பெயர். உள்ளூர் பல் மருத்துவச் சங்கங்களின் மதிப்பாய்வுக் குழுக்களும் அந்தப் பிரிவில் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கின்றன. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த யாரையும் அங்கே நடந்ததைப் பற்றிச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் அது சொல்கிறது. ஆக, நோயாளியின் வக்கீல், ஆவணங்களைக் கொடுக்கச் சொல்லும் சப்பீனா (சட்ட ஆணை) அனுப்பினாலும் சங்கம் மறுக்கலாம்.

அந்தப் பிரிவின் கடைசியில் இருக்கும் ஒரு விதியைக் குழுவில் இருப்பவர்களே பலர் படித்திருக்க மாட்டார்கள். சங்கத்தின் குழு, மொத்த உறுப்பினர்களில் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் இந்தக் காப்பு கிடையாது. பரிசீலிக்கப்படும் டாக்டரே அந்தக் குழுவில் உட்கார்ந்திருந்தாலும் கிடையாது. பெரிய சங்கத்தில் முதல் விதி பிரச்சினையாகாது. அறுபது எழுபது பேர் மட்டும் உள்ள சின்னச் சங்கத்தில், நண்பர்களையெல்லாம் குழுவில் போட்டு எட்டுப் பேர் ஆக்கினால் கதை முடிந்தது. ரகசியம் என்று நம்பி எழுதிய அத்தனையும் திறந்த புத்தகம். சேர்வதற்கு முன் தலையை எண்ணிப் பாருங்கள்.

விதிவிலக்குகள் இன்னும் உண்டு. கூட்டத்துக்கு வந்தவர் பிறகு அதே விஷயத்தில் நடக்கும் வழக்கில் தரப்பாக இருந்தால், அவர் அங்கே சொன்னதற்கு இந்தக் காப்பு இல்லை. புகார் எழுந்த டாக்டர் கூட்டத்தில் வந்து "ஆமாம், அந்த எக்ஸ்ரேயை நான் கவனிக்கவில்லை" என்று சொல்லியிருந்தால், அவர் மேலேயே வழக்கு வரும்போது அந்த வாக்கியம் கேள்விக்கு வரலாம். அதனால் புகாருக்குள்ளான டாக்டர்களிடம் நான் எப்போதும் சொல்வது, கூட்டத்துக்கு வருவதற்கு முன் உங்கள் காப்பீட்டு நிறுவனத்திடம் பேசிவிட்டு வாருங்கள் என்பதுதான். அப்படிப் பேசாமல் வந்து உளறிய ஒருவரை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நல்ல மனிதர், நேர்மையாகப் பேசினார், அதுவே அவருக்குச் சங்கடமானது.

இன்னொன்று, 'கட்டாயப்படுத்தக் கூடாது' என்பதுதான் சட்டம். விருப்பத்தோடு பேசுகிறவரை அது தடுக்கவில்லை. 1986-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் வெஸ்ட் கொவினா மருத்துவமனை வழக்கில் இதைத்தான் சொன்னது: குழுவில் இருந்தவர் தானாக முன்வந்து சாட்சி சொன்னால் 1157 அதைத் தடுக்காது. குழுவில் உங்களோடு உட்கார்ந்த ஒருவர் நாளைக்கு மனம் மாறினால் சட்டம் அவர் வாயைக் கட்டாது. சங்கங்கள் உறுப்பினர்களிடம் தனியாக ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவதற்கு இது ஒரு நல்ல காரணம். அந்தத் தாளை வெறும் சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள்.

மூடப்படுவது குழுவின் பேச்சும் தாள்களும் மட்டும்தான். நோயாளியின் கேஸ் ஷீட், எக்ஸ்ரே, பில், பல் அச்சு மாதிரிகள் எல்லாம் டாக்டரின் கிளினிக்கில் இருந்தபடியே இருக்கின்றன. அவற்றின் ஒரு பிரதி உங்கள் குழுவின் ஃபைலுக்குள் வந்துவிட்டதால் அவை ரகசியமாகிவிடாது. வக்கீல் கிளினிக்கிலிருந்து நேராக வாங்கிக்கொள்வார். அவருக்குக் கிடைக்காதது நீங்கள் எழுதிய "மார்ஜின் திறந்திருக்கிறது, திரும்பச் செய்திருக்க வேண்டும்" என்ற வரி (மார்ஜின் என்பது கேப்பின் ஓரம் பல்லோடு சேரும் இடம்). அதைச் சொல்ல அவர் வேறொரு நிபுணரைக் காசு கொடுத்து அமர்த்த வேண்டும்.

இது நோயாளிக்கு நியாயமா என்று கேட்டால், முழுக்க நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது. 1974-ல் மாட்செட் வழக்கில் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றமே இதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டது. குழுவில் மனம் திறந்து பேச வேண்டும் என்பதற்காக, வழக்குப் போடுகிறவருக்கு ஆதாரம் கிடைப்பதைச் சட்டமன்றம் தெரிந்தே விட்டுக்கொடுத்திருக்கிறது என்றது. ஃப்ளோரிடா மக்கள் அந்தப் பேரத்தை ஏற்கவில்லை. 2004-ல் மாநில அரசியலமைப்புக்கு ஏழாவது திருத்தம் என்று ஒன்றைக் கொண்டுவந்து, மருத்துவப் பாதிப்புகள் பற்றிய ஆவணங்களைப் பார்க்கும் உரிமையை நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் ஆதரித்து வாக்களித்தார்கள். அதுவரை பூட்டியிருந்த மருத்துவமனைக் குழுக்களின் ஃபைல்கள் அங்கே திறந்தன. ஆகவே வேறு மாநிலத்திலிருந்து இதைப் படிக்கும் டாக்டர்கள் நான் கலிபோர்னியாவைப் பற்றிச் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

சரி, உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். அந்த டாக்டர் உங்கள் மேல் கேஸ் போட்டால்?

கலிபோர்னியா சிவில் சட்டம் 43.7-ஆம் பிரிவு, தரத்தை மதிப்பிடும் குழுவின் உறுப்பினரிடம் பணம் கேட்க முடியாது என்கிறது. அதற்கு நிபந்தனைகள் வைக்கிறது: மனதில் வன்மம் இருக்கக் கூடாது, உண்மைகளைத் தெரிந்துகொள்ள நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும், அப்படித் தெரிந்ததை வைத்து எடுத்த முடிவு சரி என்று நியாயமாக நம்பியிருக்க வேண்டும். குழுவுக்குத் தகவல் கொடுப்பவருக்கு 43.8 தனியாகக் காப்பு தருகிறது. நீங்கள் நோயாளியின் வாயைப் பார்த்து, எக்ஸ்ரேயைப் பார்த்து, அந்த டாக்டரின் தரப்பையும் கேட்டு எழுதியிருந்தால் உங்களை அசைப்பது கஷ்டம். எதிர்க் கடைக்காரரைக் கவிழ்க்க எழுதியிருந்தால் காப்பு போய்விடும்.

எதிர்க் கடை என்று விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இந்தத் துறையின் சட்ட வரலாறே அங்கேதான் சூடு பிடித்தது. ஓரிகன் மாநிலத்தில் அஸ்டோரியா என்று ஒரு சின்ன ஊர். அங்கே டிமோதி பாட்ரிக் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர், உள்ளூர் கிளினிக் ஒன்றில் கூட்டாளியாகச் சேரச் சொன்னதை மறுத்துவிட்டுத் தனியாகத் தொழில் தொடங்கினார். அந்த ஊர் மருத்துவமனையின் டாக்டர்களில் பெரும்பாலோர் அந்தக் கிளினிக்கைச் சேர்ந்தவர்கள். கொஞ்ச காலத்தில் அதே ஆட்கள் இருந்த குழு, பியர் ரிவியூ என்ற பெயரில் அவருடைய மருத்துவமனை உரிமையைப் பறிக்கப் போனது. அவர் ஏகபோகத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டார். ஜூரி 650,000 டாலர் கொடுத்தது, அந்தச் சட்டப்படி அது மூன்று மடங்கானது. மேல்முறையீட்டில் தோற்றாலும், 1988-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது.

நாட்டில் இருந்த எல்லாக் குழுக்களும் நடுங்கின. "நம்மையும் இப்படி இழுத்தால்?" என்ற பயத்தில் டாக்டர்கள் குழுக்களை விட்டு விலகினால் தரத்தை யார் பார்ப்பது? அந்த வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 1986-ல், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் மருத்துவத் தர மேம்பாட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் 'மருத்துவர்' என்ற சொல்லுக்குள் பல் மருத்துவரும் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறார். சிகிச்சையின் தரத்துக்காக எடுத்த நடவடிக்கை, உண்மைகளைத் திரட்ட எடுத்த முயற்சி, சம்பந்தப்பட்டவருக்கு முறையான அறிவிப்பும் விசாரணையும், உண்மைகளுக்குப் பொருந்தும் முடிவு ஆகிய நான்கும் இருந்தால் குழுவிடம் நஷ்டஈடு கேட்க முடியாது. அவை இருந்தன என்றுதான் நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது வழக்குப் போட்டவரின் தலைவலி. அற்பக் காரணத்துக்கு வழக்குப் போட்டுத் தோற்றால் எதிர்த் தரப்பின் வக்கீல் செலவும் அவர் தலையில் விழலாம்.

இந்தக் காப்பு எவ்வளவு கெட்டி என்பதற்கு டாலஸ் நகரத்து இதய மருத்துவர் போலினரின் வழக்கு ஒன்று போதும். 2004-ல் ஜூரி அவருக்கு ஏறக்குறைய 366 மில்லியன் டாலர் தீர்ப்பளித்தது. நீதிபதி அதைப் பெருமளவு குறைத்தார். 2008-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி ஒரு டாலர்கூடக் கிடையாது என்றது. அந்தப் பரிசீலனை தப்பாகவே இருந்திருக்கலாம், ஆனாலும் நியாயமான நம்பிக்கையில் செய்ததா என்பதுதான் கேள்வி என்றது அந்தத் தீர்ப்பு. கூடவே ஒன்று: நான்கு வருடம் கழித்து வெற்றி பெற்றவர்கள் அந்த நான்கு வருடமும் தூங்கியிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் இந்தச் சட்டம் காப்பது மருத்துவமனை உரிமையையோ சங்க உறுப்பினர் தகுதியையோ தொடும் நடவடிக்கைகளை. "கேப்புக்கு வாங்கிய கட்டணத்தைத் திருப்பிக் கொடு" என்று சொல்லும் உங்கள் குழுவின் சாதாரண முடிவு அதற்குள் வருவது சந்தேகம். அதனால்தான் 43.7 உங்களுக்கு முக்கியம் என்றேன்.

அப்புறம் ஃபெடரல் விஷயம். 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின் காப்பு சிவில் உரிமை வழக்குகளுக்குப் பொருந்தாது. இனத்தாலோ பிறந்த நாட்டாலோ பாகுபாடு காட்டினார்கள் என்று வழக்கு வந்தால் அந்தக் குடை விரியாது. மேலும், அந்தச் சட்டம் நஷ்டஈட்டிலிருந்து காப்பாற்றுகிறதே தவிர, குழுவின் ஆவணங்களை நீதிமன்றத்துக்கு எதிராகப் பூட்டி வைக்கவில்லை. பூட்டைக் கொடுப்பது மாநிலச் சட்டம், அந்தப் பூட்டு ஃபெடரல் சட்டத்தின் கீழ் வரும் வழக்கில் ஃபெடரல் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. 2001-ல் நான்காவது சர்க்யூட் நீதிமன்றம் (ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் ஒன்று) தீர்ப்பளித்த விர்மானி வழக்கு நமக்கெல்லாம் பாடம். வட கரோலினாவில் இந்திய வம்சாவளி மகப்பேறு மருத்துவர் ஒருவர், பியர் ரிவியூவில் தனக்கு மட்டும் வேறு அளவுகோல் வைத்தார்கள் என்று பாகுபாடு வழக்குப் போட்டார். மற்ற மருத்துவர்களின் பியர் ரிவியூ ஆவணங்களைக் கேட்டார், அப்போதுதானே ஒப்பிட முடியும்? மருத்துவமனை ரகசியம் என்றது. நீதிமன்றம் அப்படி ஒரு ஃபெடரல் உரிமையே இல்லை என்று சொல்லி அவற்றைக் கொடுக்க வைத்தது. 2007-ல் பதினோராவது சர்க்யூட்டும் ஆட்கின்ஸ் வழக்கில் அதே வழியில் போனது.

இதை நான் இரண்டு பக்கத்திலிருந்தும் பார்க்கிறேன். நம் ஊர்ப் பெயரும் உச்சரிப்பும் உள்ள ஒரு டாக்டர் குழுவின் முன்னால் நிற்கும்போது அவருக்கு இந்தக் கதவு திறந்திருப்பது நல்லது. குழுவில் உட்காரும் நமக்கோ, "இந்த ஆள் எங்கே படித்தான்" போன்ற ஒரு வரி மின்னஞ்சலில் போனால் அது என்றைக்காவது வாசிக்கப்படும் என்ற எச்சரிக்கை. அந்த மாதிரி மின்னஞ்சல் ஒன்று எனக்கே வந்தது. அனுப்பியவரைக் கூப்பிட்டு இனிமேல் எனக்கு இப்படி எழுதாதீர்கள் என்றேன். கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை.

உரிமம் கொடுக்கும் வாரியத்துக்கும் 1157 சுவர் ஆகாது. 1996-ல் ஆர்னெட் வழக்கில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், மருத்துவ வாரியம் விசாரணைக்காக அனுப்பும் சப்பீனா 'டிஸ்கவரி' அல்ல, ஆகவே பியர் ரிவியூ ஆவணங்களை வாரியம் கேட்கலாம் என்றது. பல் மருத்துவ வாரியம் கேட்டாலும் இதே தர்க்கம்தான் என்பது என் வாசிப்பு. தரக் காரணத்துக்காக ஒரு பல் டாக்டரின் உரிமை பறிக்கப்பட்டாலோ, 12 மாதத்தில் 30 நாளோ அதற்கு மேலோ கட்டுப்படுத்தப்பட்டாலோ, கலிபோர்னியா வணிக-தொழில் சட்டத்தின் 805-ஆம் பிரிவின்படி 15 நாளுக்குள் வாரியத்துக்கே அறிக்கை போக வேண்டும். கட்டணத் தகராறில் இது வராது. ஆனால் கேஸ் ஷீட்டைப் பார்க்கும்போது வேறு ஏதாவது பயங்கரமாகக் கண்ணில் பட்டால் தலைவரிடம் உடனே சொல்லுங்கள், நீங்களாக முடிவு எடுக்காதீர்கள்.

புகாருக்குள்ளான டாக்டர்கள் எல்லோரும் கேட்கும் ஒன்று இருக்கிறது: பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் தேசியத் தரவு வங்கியில் (டாக்டர்கள் மேல் வந்த நடவடிக்கைகளையும் நஷ்டஈடுகளையும் பதியும் அரசுப் பதிவேடு) பெயர் ஏறுமா? அதே 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி, 1990 செப்டம்பரில் திறந்த வங்கி அது. பொதுமக்கள் பார்க்க முடியாது, மருத்துவமனைகளும் வாரியங்களும் பார்க்கும். தவறான சிகிச்சைக்காகக் கொடுக்கும் தொகையை அதற்குத் தெரிவிக்க வேண்டும். ஆரம்பத்தில் அரசு விதி, டாக்டர் தன் கைக்காசைக் கொடுத்தாலும் தெரிவிக்க வேண்டும் என்றது. சண்டை வேண்டாம் என்று கட்டணத்தைத் திருப்பிக் கொடுப்பது நம் தொழிலில் அன்றாடம் நடப்பது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் வழக்குப் போட்டது. 1993-ல் டி.சி. சர்க்யூட், சட்டத்தில் 'நிறுவனம்' என்றுதான் இருக்கிறது, தனிமனிதர் அதற்குள் வரமாட்டார் என்று சொல்லி அந்த விதியைத் தள்ளியது. நம் சங்கம் செய்த உருப்படியான காரியங்களில் இதை நான் மேலே வைப்பேன்.

ஆனால் செக் எந்தக் கணக்கிலிருந்து போகிறது என்று பாருங்கள். உங்களில் பலர் கிளினிக்கைக் கார்ப்பரேஷனாகப் பதிந்திருப்பீர்கள். அதில் ஒரே ஒரு டாக்டர் இருந்தாலும் அது நிறுவனம்தான். நோயாளி எழுத்தில் பணம் கேட்டு, கார்ப்பரேஷன் கணக்கிலிருந்து செக் போனால் தெரிவிக்க வேண்டியதாகலாம். சொந்தக் கணக்கிலிருந்து போனால் இல்லை. வர வேண்டிய பாக்கியை வேண்டாம் என்று விட்டுவிடுவது 'பணம் கொடுத்தது' ஆகாது. குழு உறுப்பினராக நீங்கள் யாருக்கும் இந்த ஆலோசனை சொல்லக் கூடாது, அவர்கள் வக்கீலிடம் கேட்கட்டும். உங்கள் கிளினிக்குக்காகத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நான் பார்த்த வரையில் ரகசியம் எங்கே ஓட்டையாகிறது என்பது. நீதிமன்றத்தில் அல்ல. சங்கத்து டின்னரில், "அந்தத் தெருமுனை கிளினிக் மேல் இந்த வருடம் மூன்று புகார்" என்று ஒருவர் கோழியைக் கடித்துக்கொண்டே சொல்கிறார். குழு அறைக்கு வெளியே சொன்ன வார்த்தைக்கு 1157-ம் கிடையாது, 43.7-ம் கிடையாது. அது வெறும் அவதூறு வழக்குக்கான சரக்கு. வாட்ஸாப் குழுக்களும் அப்படியே. எக்ஸ்ரேயை, பெயரை மறைத்தே ஆனாலும், "உங்கள் கருத்து?" என்று நண்பர் குழுவில் போடாதீர்கள். நோயாளி தன் ஆவணங்களைக் குழுவுக்குக் காட்டச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருப்பார், உங்கள் கல்லூரி நண்பர்களுக்குக் காட்ட அல்ல.

கூட்டத்தில் எடுத்த கைக்குறிப்புகளை வீட்டுக்குக் கொண்டுபோகும் பழக்கமும் வேண்டாம். முடிந்ததும் சங்க ஊழியரிடம் கொடுத்துவிடுங்கள், சங்கத்தின் விதிப்படி அவர்கள் வைப்பார்கள் அல்லது அழிப்பார்கள். அறிக்கையில் பார்த்ததை எழுதுங்கள். "14-ஆம் பல்லில் கேப்பின் மார்ஜின் திறந்திருக்கிறது, எக்ஸ்ரேயில் தெரிகிறது" என்பது போதும். "அலட்சியம்", "ஏமாற்று" போன்ற சொற்கள் வக்கீல்களின் சொற்கள். அந்த டாக்டர் உங்களுக்கு நோயாளிகளை அனுப்புபவராகவோ, முன்பு உங்களிடம் வேலை பார்த்தவராகவோ, இரண்டு தெரு தள்ளிக் கிளினிக் வைத்திருப்பவராகவோ இருந்தால் அந்தக் கேஸிலிருந்து ஒதுங்கிவிடுங்கள். ஒதுங்கியதைக் குறிப்பேட்டில் பதியவும் சொல்லுங்கள்.

சேருங்கள் என்றுதான் நான் சொல்வேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் சங்கச் செயலாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி நான்கு விஷயம் கேளுங்கள்: குழுவில் இப்போது எத்தனை பேர், சங்கத்தில் மொத்தம் எத்தனை பேர், என் மேல் வழக்கு வந்தால் வக்கீல் செலவைச் சங்கத்தின் காப்பீடு ஏற்குமா, அந்தப் பாலிசியில் தன்னார்வக் குழு உறுப்பினர் என்று எழுதியிருக்கிறதா. "அதெல்லாம் இருக்கும் டாக்டர், கவலைப்படாதீங்க" என்று வாய்மொழியாகச் சொன்னார்கள் என்றால், பாலிசியின் அந்தப் பக்கத்தை அனுப்பும் வரை காத்திருங்கள்.